ஸ்டோயிக் தத்துவம் அன்றாட வாழ்க்கைக்கு உதவுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டோயிக் தத்துவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும். "உன் கையில் இல்லாததை விட்டுவிடு" என்ற பாதியை மட்டும் வெட்டியெடுத்து, மனவலிமை என்ற பெயரில் கூவி விற்கிறார்கள். "உன் கையில் இருப்பதைச் செய், அதிலும் பிறருக்குச் செய்ய வேண்டியதை முதலில் செய்" என்ற மறுபாதியை யாரும் சீண்டுவதில்லை. எனக்கு அந்த மறுபாதிதான் முக்கியம்.

இந்தத் தத்துவம் எங்கே, யாரால் தொடங்கப்பட்டது?

கி.மு. 300-ஐ ஒட்டி ஏதென்ஸ் நகரில். சைப்ரஸ் தீவின் சிட்டியம் நகரைச் சேர்ந்த ஜீனோ, கப்பல் உடைந்து ஏதென்ஸ் வந்து சேர்ந்தவர் என்று பழைய வரலாறு சொல்கிறது. அங்கே ஒரு புத்தகக் கடையில் சாக்ரடீஸைப் பற்றிக் கேள்விப்பட்டு, "இப்படிப்பட்டவர்களை எங்கே பார்க்கலாம்?" என்று கடைக்காரரிடம் விசாரித்தாராம். பின்னாளில் அவரே சந்தைச் சதுக்கத்தின் ஓரத்தில் இருந்த, ஓவியங்கள் நிறைந்த தூண் மண்டபத்தில் பாடம் நடத்தினார். 'ஸ்டோவா' என்ற அந்த மண்டபத்தின் பெயரே தத்துவத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

தொடக்க காலத்து நூல்கள் அழிந்துவிட்டன. தொடக்ககால ஸ்டோயிக் ஆசிரியரான கிறிசிப்பஸ் ஒருவரே எழுநூறுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதியவர். ஒன்றுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. இன்று நாம் பெரும்பாலும் படிப்பது ரோமானியப் பேரரசுக் காலத்து மூவரை. நீரோ மன்னனின் ஆசிரியராகவும் ஆலோசகராகவும் இருந்த செனெகா, அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற எபிக்டெட்டஸ், கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட பேரரசர் மார்கஸ் அரேலியஸ். ஓர் அடிமையின் சொற்களைப் பேரரசர் ஒருவர் பாடமாகப் படித்தார் என்பது, எனக்குத் தெரிந்து வேறு எந்தத் தத்துவப் பள்ளிக்கும் எளிதில் வாய்க்காத பெருமை.

அடிப்படைக் கருத்து என்ன?

மனிதனுக்கு உண்மையான நன்மை நற்குணம் ஒன்றுதான்: நல்லறிவு, நீதி, துணிவு, தன்னடக்கம். உண்மையான தீமை அவற்றின் குறைவு. பணம், பதவி, புகழ், உடல்நலம் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவை. நம்மை அலைக்கழிப்பவை நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றி நாம் செய்துகொள்ளும் தீர்ப்புகள் என்கிறார் எபிக்டெட்டஸ். மற்றதெல்லாம் இதன் விரிவுரை.

'நம் கையில் இருப்பது, இல்லாதது' என்ற பிரிவு நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது?

எபிக்டெட்டஸின் பட்டியலை நேரடியாகப் படித்தால் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். நம் கையில் இருப்பவை என்று அவர் சொல்வது நம் தீர்ப்பு, நம் முனைப்பு, நம் விருப்பம், நம் வெறுப்பு. கையில் இல்லாதவை: உடல், சொத்து, பெயர், பதவி. உடலே நம் கையில் இல்லை என்று சொல்கிறவர் கால் ஊனமான, இன்னொருவரின் உடைமையாக வாழ்ந்த மனிதர். அதனால் அவர் இதை வெறும் வாதத்துக்காகச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"பாதி என் கையில், பாதி இல்லை என்று எத்தனையோ விஷயங்கள் இருக்கின்றனவே?" என்பது நியாயமான எதிர்க்கேள்வி. அரசு வேலைக்கான போட்டித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை காலியிடங்கள், வினாத்தாள் எப்படி வரும், கட்-ஆஃப் எங்கே நிற்கும், தேர்வன்று காய்ச்சல் வருமா என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை. இன்று மாலை எந்தப் பாடத்தை எடுப்பது, புரியாத கணக்கைத் தாண்டிப் போவதா அல்லது உட்கார்ந்து தீர்ப்பதா என்பது உங்கள் கையில் இருக்கிறது. 'பாதிப்பாதி' என்று தோன்றும் எதையும் இன்னும் கொஞ்சம் நறுக்கினால் இரண்டு குவியலாகப் பிரிந்துவிடும்.

ரோமானியப் பேச்சாளர் சிசரோ ஸ்டோயிக்குகளின் கருத்தை விளக்கும்போது வில்லாளி ஒருவனைக் காட்டுகிறார். சரியாகக் குறிபார்க்க வேண்டிய எல்லாவற்றையும் செய்வதே அவன் இலக்கு. அம்பு போய்த் தைப்பது விரும்பத்தக்கது. ஆனால் வில்லாளியின் தகுதியை அளப்பது அது அல்ல. தேர்வில் தோற்றவருக்கு இது ஆறுதல் வார்த்தையாகத் தோன்றலாம். தேர்வுக்கு முன்பே இதைப் பிடித்துக்கொண்டவருக்குப் பயன் அதிகம், ஏனென்றால் முடிவைப் பற்றிய பதற்றம் தின்கிற நேரம் படிப்புக்குத் திரும்பி வந்துவிடும்.

இதோடு சேர்ந்து இன்னொரு பழக்கமும் உண்டு. "கப்பலில் போவேன், ஏதும் தடுக்காவிட்டால்" என்று திட்டத்தோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறார் செனெகா. நம் பாட்டிமார்கள் "கடவுள் சித்தம் இருந்தால்" என்பார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

அப்படியானால் பணத்தையும் உடல்நலத்தையும் கண்டுகொள்ளவே வேண்டாமா?

வேண்டும். அவற்றுக்கு அவர்கள் தனி வகுப்பே வைத்திருந்தார்கள்: நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, ஆனாலும் தேர்ந்தெடுக்கத் தக்கவை. நோயும் நலமும் எதிரில் இருந்தால் நலத்தைத்தான் எடுக்க வேண்டும். நலத்துக்காகப் பொய் சொல்லவோ ஏமாற்றவோ நேர்ந்தால் கணக்கு மாறிவிடும். அறிவுள்ளவன் செல்வத்தை வீட்டுக்குள் விடுவான், மனத்துக்குள் விடமாட்டான் என்று எழுதினார் செனெகா.

இதைச் சொன்ன செனெகாவே பெரும் பணக்காரர்தானே?

ஆமாம். நான்கே ஆண்டு அரச நட்பில் முப்பது கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) சேர்த்தது எந்தத் தத்துவத்தால் என்று எதிரியான சுயில்லியஸ் கேட்டதை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். கேள்வி நியாயமானது. நீரோ தன் தாயையே கொன்றபோது அதை நியாயப்படுத்தும் கடிதத்தை எழுதியதாகவும் செனெகா மீது பழி உண்டு. கி.பி. 65-இல் அதே நீரோவின் ஆணைப்படி உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதற்கு அவர் தந்த பதில் ஒன்று உண்டு: நான் நற்குணத்தைப் பற்றிப் பேசுகிறேன், என்னைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு இது முழுத் திருப்தி தரவில்லை. ஆனாலும் கோபத்தைப் பற்றி அவரளவு நுட்பமாக எழுதியவர்கள் குறைவு. மருத்துவர் புகை பிடிக்கிறார் என்பதற்காக அவர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டைக் கிழிக்க வேண்டியதில்லை.

உணர்ச்சியே இல்லாமல் கல்லாக இருக்கச் சொல்கிறார்களா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். மிகப் பெரிய தவறான எண்ணமும் இதுதான். இதற்கு அவுலஸ் ஜெல்லியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் பதிவு செய்த ஒரு கப்பல் பயணத்தைச் சொன்னால் போதும்.

கிரேக்கக் கரையிலிருந்து இத்தாலியின் புருண்டிசியம் துறைமுகத்துக்கு இரவுப் பயணம். புயல் அடித்துக் கப்பலுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பயணிகள் அலறுகிறார்கள். அதே கப்பலில் ஏதென்ஸில் பெயர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரும் இருந்தார். ஜெல்லியஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கூச்சல் போடவில்லை, புலம்பவில்லை. ஆனால் முகம் மற்றவர்களைப் போலவே வெளிறிப்போயிருந்தது. கடல் அடங்கியதும், பரிவாரங்களோடு வந்திருந்த ஒரு பணக்காரர் அவரைச் சீண்டினார்: "நான் பயப்படவில்லை, தத்துவவாதியான நீங்கள் மட்டும் ஏன் வெளிறினீர்கள்?" ஆசிரியர் அவருக்கு நறுக்கென்று ஒரு பதில் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு ஜெல்லியஸ் பணிவாகக் கேட்டபோது, தன் பையிலிருந்து ஒரு நூலை எடுத்துக் காட்டினார். எபிக்டெட்டஸின் உரைகளில் ஐந்தாம் பகுதி அது.

அதில் இருந்தது இதுதான். திடீரென்று இடி விழுந்தால், சுவர் சரிந்தால், ஞானியின் மனமும் ஒரு கணம் குலுங்கும், முகம் வெளிறும். அது அவன் கேட்டு வருவதில்லை. அடுத்த நொடியில், "இது உண்மையிலேயே கொடியது" என்று மனம் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுகிறானா இல்லையா என்பதில்தான் அறிவாளியும் மற்றவரும் வேறுபடுகிறார்கள். (அந்த ஐந்தாம் பகுதி பிற்பாடு தொலைந்துவிட்டது. புயலில் வெளிறிய அந்த மனிதரின் புண்ணியத்தில்தான் இந்தப் பத்தியாவது நமக்குக் கிடைத்திருக்கிறது.)

எனவே மேடையேறும்போது கை நடுங்குவதும், மருத்துவ அறிக்கையைப் பிரிக்கும்போது வயிறு பிசைவதும் தோல்விகள் அல்ல. துக்கமும் அப்படியே. நண்பனை இழந்தவனுக்கு எழுதிய கடிதத்தில் செனெகா, கண்ணீர் வரட்டும், ஓலம் வேண்டாம் என்கிறார். அதே கடிதத்தில், தன் நண்பன் செரீனஸ் இறந்தபோது தான் அளவுமீறி அழுததையும் ஒப்புக்கொள்கிறார்.

கோபத்தை எப்படிச் சமாளிப்பது?

செனெகா இதற்கென்றே மூன்று பகுதிகளில் ஒரு நூல் எழுதினார். அவர் கணக்கில் கோபம் மூன்று அடிகளில் வருகிறது. முதல் அடி தன்னிச்சையான ஒரு துடிப்பு. இரண்டாவது, "எனக்கு அநியாயம் நடந்துவிட்டது, திருப்பித் தர வேண்டும்" என்ற எண்ணம். மூன்றாவது, அந்த எண்ணம் கடிவாளத்தைக் கையில் எடுத்துக்கொள்வது. முதலாவதை யாரும் தடுக்க முடியாது. மூன்றாவதை அடைந்துவிட்டால் யார் சொன்னாலும் காதில் ஏறாது. நுழைய இடமிருப்பது இரண்டாவதில் மட்டும். அதனால்தான் கோபத்துக்குத் தலைசிறந்த மருந்து தாமதம் என்கிறார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உங்கள் மகனின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா, "படிப்பு ஏறவில்லை என்றால் ஏதாவது தொழில் கற்றுக்கொடுப்பதுதானே" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காது சூடாகிறது. இது முதல் அடி. அடுத்து மனம் எழுதும் வசனங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். "எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டார்." "எப்போதும் எங்களை இளக்காரமாகவே பார்க்கிறார்." "இன்று பதில் சொல்லாவிட்டால் எனக்கு முதுகெலும்பு இல்லை என்று அர்த்தம்." பெரியப்பா எழுதியது ஒரு வரி, மீதி மூன்றும் நீங்கள் எழுதியவை. ஒரு தாளில் இரண்டு பத்திகளாக இதைப் பிரித்து எழுதிப் பாருங்கள். இரண்டாவது பத்தி எப்போதும் நீளமாகவே இருக்கும்.

சிலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். ஸ்டோயிக்குகள் நிற்கவில்லை, இனி என் வேலை என்ன என்று கேட்பார்கள். மகன் அந்தக் குழுவில் இருக்கிறானா, அதைப் படித்தானா என்று பார்த்து அவனோடு பேசுவது உங்கள் வேலை. மறுநாள் பெரியப்பாவைத் தனியாக அழைத்து, "பிள்ளை மனசு நொந்துபோய்விட்டது பெரியப்பா, குழுவில் அப்படி எழுதாதீர்கள்" என்று குரலை உயர்த்தாமல் சொல்வதும் உங்கள் வேலைதான். வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பக்குவம் என்று நினைத்தால், செனெகாவை அரைகுறையாகப் படித்திருக்கிறீர்கள்.

இரவில் அன்றைய நாளை அசைபோடும் பயிற்சி என்கிறார்களே, அது என்ன?

செனெகா அதைத் தன் படுக்கையறையிலிருந்தே சொல்கிறார். விளக்கை எடுத்துச் சென்றபின், தன் வழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்திக்கொள்ள, அன்றைய நாள் முழுவதையும் தனக்குத் தானே விசாரிப்பாராம். எதையும் மறைப்பதில்லை, எதையும் தாண்டிப் போவதில்லை. "அந்த விவாதத்தில் தேவைக்கு மேல் சூடானாய். அந்த மனிதரைக் கண்டித்ததில் அவர் திருந்தவில்லை, புண்பட்டார். இனி அப்படிச் செய்யாதே, இம்முறை மன்னித்தேன்" என்ற தோரணையில் போகிறது. ஒரு விருந்தில் தாழ்வான இடத்தில் உட்கார வைத்ததற்காக, அழைத்தவர் மீதும் மேலிடத்தில் அமர்ந்தவர் மீதும் எரிச்சல்பட்டதைச் சுட்டிக்காட்டி, "பைத்தியக்காரா, மெத்தையின் எந்த மூலையில் சாய்ந்தால் என்ன?" என்று கேட்டுக்கொள்கிறார். கல்யாணப் பந்தியில் முதல் வரிசை கிடைக்காமல் முகம் தூக்கிக்கொண்டவர்களுக்கு இந்த வரி உறைக்கும்.

'மன்னித்தேன்' என்பதைக் கவனியுங்கள். இந்த விசாரணையில் தண்டனை கிடையாது. தன்னைத்தானே திட்டித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு இந்தப் பயிற்சி தேவையில்லை. அதை நாம் ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

காலையில் என்ன செய்யலாம்?

மார்கஸ் அரேலியஸின் குறிப்பேட்டில் இரண்டாம் பகுதி இப்படித் தொடங்குகிறது: இன்று தலையிடுகிறவனை, நன்றி கெட்டவனை, திமிர் பிடித்தவனை, வஞ்சகனைச் சந்திக்கப் போகிறாய். இதோடு நிறுத்திப் பகிர்கிறவர்கள் அதிகம். அடுத்த வரிகளில் பேரரசர், அவர்கள் நன்மை தீமை தெரியாததால் அப்படி இருக்கிறார்கள், அவர்கள் என் உறவினர்கள், கைகளைப் போல, கால்களைப் போல, மேல்வரிசைப் பல் கீழ்வரிசைப் பல்லைப் போலச் சேர்ந்து இயங்கப் பிறந்திருக்கிறோம் என்று எழுதுகிறார். "ஊரே மோசம், நான் ஜாக்கிரதை" என்பதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

படுக்கையை விட்டு எழ மனமில்லாத நாளுக்கும் அவரிடம் ஒரு குறிப்பு இருக்கிறது. "மனிதனுக்குரிய வேலையைச் செய்ய எழுகிறேன், போர்வைக்குள் கதகதப்பாகக் கிடக்கவா பிறந்தேன்?" "ஆனால் இது சுகமாக இருக்கிறதே" என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்கிறார். கொள்ளைநோயும் எல்லைப் போர்களுமாக ஆண்ட ஒருவர் போர்வையோடு வாதாடியிருக்கிறார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் அவர்மீது பாசம் கூடுகிறது.

வரப்போகும் கெட்டதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்தால் கவலைதானே அதிகமாகும்?

சிலருக்கு ஆகும். இயல்பாகவே பதற்றம் மிகுந்தவர்கள் இந்தப் பயிற்சியைத் தள்ளிவைக்கலாம். கவலைப்படுகிறவர் "ஐயோ, இப்படி ஆகிவிட்டால்?" என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார், இந்தப் பயிற்சி "ஆனால், நான் என்ன செய்வேன்?" என்பதுவரை போய் முடிய வேண்டும். நிஜத்தைவிடக் கற்பனையில்தான் அதிகம் துன்பப்படுகிறோம் என்று எழுதியவரும் செனெகாதான். அவர் பரிந்துரைத்த எளிய வடிவம்: சில நாட்களுக்கு மலிவான உணவும் முரட்டு உடையுமாக இருந்துவிட்டு, "இதற்காகவா பயந்தோம்?" என்று கேட்டுக்கொள்வது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர், ஒரு மாதம் மிகக் குறைந்த செலவில் குடும்பம் நடத்திப் பார்த்தால் அந்தப் பயத்தின் உண்மையான அளவு தெரியும்.

பக்கத்து வீட்டு ஒலிபெருக்கியையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

செனெகா ஒருமுறை பொதுக் குளியலகத்துக்கு மேல்மாடியில் குடியிருந்தார். எடை தூக்குகிறவர்களின் முனகல், மசாஜ் செய்கிறவனின் கை அறையும் சத்தம், குளிக்கும்போது பாடுகிறவன், தொட்டிக்குள் தடாலென்று குதிக்கிறவன், மயிர் பிடுங்குகிறவனின் கீச்சுக்குரல், தின்பண்டம் விற்பவர்களின் கூவல் என்று அவர் போடும் பட்டியல் வெகு சுவையானது. மனம் அமைதியாக இருந்தால் எந்தச் சத்தமும் தொடாது என்று நீளமாக வாதிட்டுவிட்டு, கடிதத்தின் கடைசியில், சரி, இந்த இடத்தைக் காலி செய்யப்போகிறேன் என்று முடிக்கிறார். உங்களுக்கும் அதே பதில்தான். சொல்லிப் பாருங்கள், புகார் கொடுங்கள், முடிந்தால் வீட்டை மாற்றுங்கள். அதுவரை அந்தச் சத்தத்தோடு உங்கள் பொருமலையும் சேர்த்துக் கேட்க வேண்டாம்.

குடும்பத்தில் ஒட்டாமல், பட்டும் படாமலும் இருக்கச் சொல்கிறதா?

இந்தக் கேள்விக்கு எபிக்டெட்டஸின் உரையாடல் ஒன்று நேரடியாகப் பதில் சொல்கிறது. ஓர் அதிகாரி அவரைப் பார்க்க வந்தார். பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "என் சிறு பெண்ணுக்கு உடம்பு முடியாமல் போனபோது என்னால் பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டை விட்டு ஓடிவிட்டேன், குணமாகிவிட்டது என்று செய்தி வந்தபிறகுதான் திரும்பினேன்" என்றார். சரியாகத்தான் நடந்துகொண்டீர்களா என்று எபிக்டெட்டஸ் கேட்க, அப்பாக்கள் எல்லாரும் அப்படித்தான், அது இயற்கை என்றார் அவர்.

எபிக்டெட்டஸ் விடவில்லை. குழந்தையின் தாய்க்கும் பாசம் உண்டா? உண்டு. அப்படியானால் அவளும் ஓடியிருக்க வேண்டுமா? கூடாது. வளர்த்த செவிலிக்கும் பாசம் உண்டே, அவளும் போயிருக்க வேண்டுமா? பாசம் உள்ளவர்கள் எல்லாரும் பாசத்தின் காரணமாகவே ஓடிப்போய், பாசமே இல்லாதவர்களின் கையில் அந்தக் குழந்தை கிடக்க வேண்டுமா? நீங்கள் நோயில் கிடக்கும்போது உங்கள் மனைவி மக்கள் உங்களை இந்த அளவுக்கு நேசித்துத் தனியே விட்டுப் போவதை விரும்புவீர்களா?

மருத்துவமனை வராந்தாவிலேயே நின்றுகொண்டு உள்ளே போகத் தயங்கும் ஆண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். "அவருக்கு மனசு இளகியது, தாங்கமாட்டார்" என்று வீட்டாரும் பெருமையாகச் சொல்வார்கள். ஸ்டோயிக் பார்வையில் அங்கே பாசம் குறைவில்லை; தன் வேதனையைக் குழந்தையின் தேவைக்கு முன்னால் வைத்த தீர்ப்பு தவறு. தீர்ப்பைத் திருத்துவதே கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்காருவதற்காகத்தான். ஒட்டாமல் விலகி நிற்பதற்கு எபிக்டெட்டஸ் எந்த உதவியும் செய்யமாட்டார்.

உறவில் பிணக்கு வந்தால், எந்தப் பொருளுக்கும் இரண்டு கைப்பிடிகள் உண்டு என்பார் எபிக்டெட்டஸ். 'அண்ணன் எனக்குத் துரோகம் செய்தான்' என்ற பிடியில் தூக்க முடியாது; 'அவன் அண்ணன், ஒன்றாக வளர்ந்தோம்' என்ற பிடியில் தூக்கலாம். சொத்துத் தகராறில் வழக்குப் போடக்கூடாது என்பது இதன் பொருளல்ல. வழக்குப் போட்டபின்னும் அண்ணன் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறதா என்பதே கேள்வி. அடி உதை இருக்கும் வீட்டில் இந்த உபதேசத்தை யார் மீதும் சுமத்தாதீர்கள். அங்கிருந்து வெளியேறுவதும் நீதியும் துணிவும்தான்.

இரண்டாம் நூற்றாண்டின் ஸ்டோயிக் தத்துவவாதி ஹியராக்ளிஸ் உறவுகளை வட்டங்களாக வரைந்தார்: நடுவில் தன் மனம், பிறகு பெற்றோரும் பிள்ளைகளும், பங்காளிகள், ஊரார், நாட்டார், கடைசியில் மனித இனம். வெளிவட்டத்தில் இருப்பவர்களை ஒரு வட்டம் உள்ளே இழுப்பதுதான் பயிற்சி. அதற்காகப் பெற்றோரின் உடன்பிறந்தவர்களை அப்பா அம்மா என்றும், அவர்கள் பிள்ளைகளைச் சகோதரர் என்றும் அழைக்க யோசனை சொன்னார். பெரியப்பா, சித்தியோடு வளர்ந்த நமக்கு இது பெரிய வியப்பாக இருக்காது.

அநியாயத்தைச் சகித்துக்கொண்டு போகச் சொல்லும் தத்துவமா இது?

ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் என்ற செனட் உறுப்பினரின் கதையை எபிக்டெட்டஸ் சொல்வார். பேரரசர் வெஸ்பாசியன் அவரை அவைக்கு வர வேண்டாம் என்றார். "என்னை உறுப்பினராக விடாமலிருப்பது உங்கள் கையில். உறுப்பினராக இருக்கும்வரை நான் வரவேண்டும்." வா, ஆனால் பேசாதே. "என் கருத்தைக் கேட்காதீர்கள், பேசாமல் இருக்கிறேன்." ஆனால் நான் கேட்டாக வேண்டுமே. "அப்படியானால் எனக்குச் சரியென்று படுவதை நான் சொல்லியாக வேண்டும்." பேசினால் கொன்றுவிடுவேன். "சாகாவரம் பெற்றவன் என்று உங்களிடம் எப்போது சொன்னேன்? உங்கள் வேலையை நீங்கள் செய்யுங்கள், என் வேலையை நான் செய்கிறேன்." கடைசியில் அவர் நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 'கையில் இருப்பது, இல்லாதது' என்ற பிரிவு இங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். அது அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை, அவைக்கு அனுப்பியது.

எதையோ செய்பவன் மட்டுமல்ல, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுபவனும் அநியாயக்காரனாக இருக்கக்கூடும் என்று மார்கஸ் அரேலியஸ் குறித்துவைத்தார். அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் பெண்ணை மேலாளர் இழிவாகப் பேசும்போது, "அது என் கையில் இல்லை" என்று கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் இந்தத் தத்துவத்தை மேற்கோள் காட்ட வேண்டாம்.

அதே சமயம், இவர்களின் பெரிய குறையையும் சொல்லிவிட வேண்டும். அடிமைகளும் மனிதர்களே, ஒரே வித்திலிருந்து வந்தவர்களே என்று உருக்கமாக எழுதிய செனெகா, அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று எழுதவில்லை. அடிமையாக இருந்த எபிக்டெட்டஸும் கோரவில்லை. உள்ளத்தின் விடுதலையைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள் காலில் கிடந்த சங்கிலியை உடைப்பது பற்றிப் பேசவில்லை. இந்த இடத்தில் நாம் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சமூக ஊடகத்தில் வரும் வசவுகளை எப்படி எடுத்துக்கொள்வது?

உன் உடலை வழியில் போகிறவன் கையில் ஒப்படைத்தால் கொதிப்பாய். திட்டுகிற எவன் கையிலும் மனத்தை ஒப்படைக்கிறாயே, வெட்கமில்லையா என்கிறார் எபிக்டெட்டஸ். கைப்பேசி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். யாராவது உன்னைப் பற்றி இழிவாகப் பேசினதாகக் கேள்விப்பட்டால், "என் மற்ற குறைகள் அவருக்குத் தெரியாதுபோலிருக்கிறது, தெரிந்திருந்தால் இவற்றோடு நிறுத்தியிருக்கமாட்டார்" என்று சொல்லவும் சொன்னார். ஆனால் மிரட்டல் வந்தால் நகைச்சுவை போதாது. காவல் துறையிடம் போங்கள்.

எல்லாம் விதிப்படி என்றும் நம்பினார்களாமே? பிறகு முயற்சி எதற்கு?

இந்தக் கேள்வி அந்தக் காலத்திலேயே 'சோம்பேறி வாதம்' என்று பெயர் பெற்றிருந்தது. குணமாவது விதி என்றால் வைத்தியரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் குணமாவேன். ஆகவே எதற்கு அழைக்க வேண்டும்? கிறிசிப்பஸின் பதில் அழகானது. குணமாவது விதி என்றால், வைத்தியரை அழைப்பதும் அதே விதியில் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் உருவி எடுக்க முடியாது. விதியை நம்பினாலும் நம்பாவிட்டாலும் நாளைக் காலை நீங்கள் செய்ய வேண்டிய வேலை மாறப்போவதில்லை.

ஆற்றில் போகும் புணையைப் பாடிய கணியன் பூங்குன்றனார் இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. ஒப்புமை உண்டு, ஒருவரிடமிருந்து மற்றவர் பெற்றார் என்று சொல்லச் சான்று கிடையாது. இரு பக்கமும் தனித்தனியாகவே கம்பீரமாக நிற்கின்றன, முடிச்சுப் போட வேண்டியதில்லை.

மனச்சோர்வு நோய்க்கு இது மருந்தாகுமா?

ஆகாது. இன்றைய உளவியல் சிகிச்சையில் சிந்தனையையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் முறைக்கு வழி வகுத்த ஆல்பர்ட் எல்லிஸ், ஆரன் பெக் இருவருமே ஸ்டோயிக்குகளுக்குத் தாங்கள் பட்ட கடனை ஒப்புக்கொண்டவர்கள். ஆனால் அவர்கள் அதைச் சோதித்து, நோயாளிக்கு எதிரில் உட்கார்ந்து செய்யும் சிகிச்சையாக வளர்த்தார்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை, வாழப் பிடிக்கவில்லை என்றால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். உடல்நலம் தேர்ந்தெடுக்கத் தக்கது என்று மேலே பார்த்தோம். மனநலமும் அதில் அடக்கம்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

எபிக்டெட்டஸின் கைநூலை ஒரு மாலையில் படித்துவிடலாம். ஆனால் அது மாணவர் அர்ரியன் சுருக்கித் தந்த சாறு. தனியாகப் படித்தால் ஆள் கடுமையானவராகத் தெரிவார். கூடவே உரைகளிலிருந்து, நோயுற்ற மகளை விட்டு ஓடிய தகப்பனின் அத்தியாயத்தையாவது சேர்த்துப் படியுங்கள். அது முதல் பகுதியில் பதினொன்றாவது. செனெகா தன் நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய 124 கடிதங்களை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. குளியலகச் சத்தத்தைப் பற்றிய 56-ஆம் கடிதத்தில் தொடங்கினால் மனிதரைப் பிடித்துப்போகும், அடிமைகளைப் பற்றிய 47-ஐ அடுத்துப் படிக்கலாம். மார்கஸ் அரேலியஸைப் பலர் முதல் பகுதியிலேயே கைவிட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அது முழுக்க யார் யாரிடம் என்ன கற்றேன் என்ற நன்றிப் பட்டியல். இரண்டாம் பகுதியில் தொடங்கி, முதலாவதைக் கடைசியில் படியுங்கள். எபிக்டெட்டஸின் உரைகளைத் தன்னுடைய பிரதியிலிருந்து கொடுத்த ஆசிரியர் ருஸ்டிகஸுக்கு அவர் நன்றி சொல்வது அங்கேதான் வருகிறது.